பென்சில் பொட்டுப் போட்ட புத்தகங்கள்

துறைமுக வாசகர் சங்க நூலகம்,
கொட்டாஞ்சேனை.
14 ஜனவரி 2024

அன்புள்ள தம்பி கிறிஸ்ரிக்கு,

மாதாவின் புண்ணியத்தில் நான் சுகம். கனடாக் குளிரில் நீயும் ரொஷேலும் பிள்ளை றஷ்மியும் எப்படி? உன் சீனி வருத்தம் எந்த மட்டில் நிற்கிறது? போனில் கேட்டால் “ஓம் அக்கா, ஓம் அக்கா” என்கிறாய். பின்னால் நீ வேறு எதையோ தட்டுகிற சத்தம் கேட்கிறது. அதனால்தான் எழுதுகிறேன். மின்னஞ்சல் என்றாலும் கடிதம் கடிதம்தான். அப்பா பழக்கியபடி சுகம் விசாரித்துத்தான் தொடங்குவேன்.

உங்கள் கனடாக் கிளை அனுப்பிய கம்பியூட்டர் இரண்டும் ஸ்கேனரும் வந்து, பொருத்தியும் ஆகிவிட்டது. நான் பயந்து ஒதுங்குவேன் என்று நம் செயலாளர் சுமன் எதிர்பார்த்திருந்தார் போல. முப்பத்தொரு வருடம் கையால் பட்டியல் அட்டை எழுதியவளுக்கு இதெல்லாம் ஒரு வித்தையா? மூன்றாம் நாளே பிடித்துக்கொண்டேன். உண்மையைச் சொன்னால் எனக்குப் பிடித்தும் இருக்கிறது. எந்தப் புத்தகத்துக்கு எத்தனை பிரதி, யாரிடம் போயிருக்கிறது என்று கேட்ட உடனே சொல்கிறது. அதற்காக நான் எத்தனை இழுப்பறைகளைத் திறந்து மூடியிருப்பேன்.

ஆனால் ஒன்று. இந்த மென்பொருள் கடைசியில் நிற்கும் பெயரைக் குடும்பப் பெயர் என்று எடுத்துக்கொள்கிறது. எங்கள் ஆட்களில் தகப்பன் பெயரைப் பின்னால் போட்டு எழுதியவர்கள் பலர். அவர்களை விட்டுவிட்டுத் தகப்பனை எழுத்தாளராக்கிவிடுகிறது. ஒரே வாரத்தில் இருபத்தேழு தகப்பன்மார் நூலாசிரியர் ஆகிவிட்டார்கள். மகன் எழுதுகிறான் என்று வீட்டில் ஏசிக்கொண்டிருந்த மனிதர்களாக இருந்திருப்பார்கள், பாவம். எல்லோரையும் திரும்ப இறக்கிவிட்டேன்.

மென்பொருள் கம்பனியிலிருந்து ஷிராஸ் என்பவர் வருகிறார். தெமட்டகொடைப் பக்கம், இரண்டு பிள்ளைகளின் தகப்பன், மரியாதையான ஆள். அட்டைகளை ஸ்கேன் செய்வது அவர் பொறுப்பு. அதில்தான் ஒரு சங்கடம். என் அட்டைகளில் சிலவற்றின் கீழ் மூலையில் பென்சிலால் ஒரு பொட்டு இருக்கும். திரையில் வரும்போது அது இல்லை. ஷிராஸிடம் காட்டினேன். “மிஸ், மெசின் அத தூசின்னு நெனச்சித் தொடச்சிடும். கிளீனா எடுக்கத்தானே இத வாங்கினது” என்றார். அது தூசியில்லை. அதை எப்படி உள்ளே ஏற்றுவதென்று உனக்குத் தெரிந்த வழியைச் சொல்.

றஷ்மிக்கு என் முத்தம். மருந்தை நேரத்துக்குப் போடு.

அன்பு அக்கா,
ஐறீன்


ஸ்காபரோ
27 ஜனவரி 2024

அன்புள்ள அக்கா,

இங்கே எல்லோரும் சுகம். சீனி கட்டுப்பாட்டில் இருக்கிறது. றஷ்மிக்கு இது கடைசி வருடம், மேயில் பட்டமளிப்பு.

நீங்கள் இவ்வளவு விரைவாகப் பிடித்துக்கொண்டது எங்கள் குழுவில் எல்லோருக்கும் சந்தோஷம். உங்கள் தகப்பன்மார் கதையைக் கூட்டத்தில் வாசித்துக் காட்டினேன், சிரித்தார்கள்.

பொட்டு என்று சொல்கிறீர்களே, அது என்ன அடையாளம்? பழுதான புத்தகமா? எதுவாக இருந்தாலும் மென்பொருளில் அதற்கு நான் இங்கிருந்தே ஒரு தனிக் கட்டம் திறக்கலாம், ஐந்து நிமிட வேலை. விளக்கமாக எழுதுங்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தம்பி,
கிறிஸ்ரி


கொட்டாஞ்சேனை
11 பெப்ரவரி 2024

அன்புள்ள தம்பிக்கு,

நான் சுகம். இடது கண்தான் கொஞ்சம் பனிப்புகார் மூடியது போல இருக்கிறது, புரை என்கிறார்கள். களுபோவில ஆஸ்பத்திரியில் பெயர் கொடுத்திருக்கிறேன். உங்கள் சுகத்தையும் எழுது, ஒரு வரியோடு நிறுத்தாதே.

பொட்டு என்னவென்று கேட்டாய். நீ கனடா போனது தொண்ணூற்றொன்பதில். 2006இல் சண்டை மறுபடி தொடங்கிய பிறகு இங்கே நடந்ததை நீ செய்தியில் பார்த்தாய், நாங்கள் வாசற்படியில் பார்த்தோம். ஆமியும் பொலிசும் வீதியைச் சுற்றிவளைத்தால் முதலில் அடையாள அட்டை, அடுத்தது புத்தக றாக்கை. தமிழில் இருந்தால் சமையல் புத்தகத்துக்கும் விளக்கம் சொல்ல வேண்டும். சிலர் புத்தகங்களை எரித்தார்கள். எரிக்க மனம் வராதவர்கள் சொப்பிங் பைகளில் போட்டுக்கொண்டு இங்கே வந்தார்கள்.

அப்போது நூலகர் சவுந்தரநாயகம் சேர். நான் அவருக்கு உதவியாளர். சேர் ஒரு வழி கண்டார். வீட்டில் இருந்தால் அது ஒருவருடைய புத்தகம், நூலகத்தில் இருந்தால் யாருடையதும் இல்லை. ஆகவே ஒவ்வொன்றுக்கும் சங்கத்தின் முத்திரையைக் குத்தி, இலக்கம் போட்டு, மற்றப் புத்தகங்களுக்கு நடுவில் நிறுத்திவிட்டோம். அட்டையில் ஒரு பென்சில் பொட்டு மட்டும் வைத்தோம். அதற்கு அர்த்தம், இது வைப்புப் புத்தகம், இரவல் கொடுக்கக் கூடாது, சொந்தக்காரர் வந்து கேட்டால் திருப்பிக் கொடுக்க வேண்டும். பெயர் எங்கேயும் எழுதவில்லை. ஆட்கள் தேடி வந்தால் ஒரு நிமிடத்தில் அழித்துவிடலாம் என்பதற்குத்தான் பென்சில். எது யாருடையது என்பது சேரின் தலையிலும் என் தலையிலும் இருந்தது. சேர் செத்து ஒன்பது வருடம்.

சண்டை முடிந்த பிறகு சிலர் வந்து எடுத்துப் போனார்கள். பலர் இப்போது உங்கள் பக்கம் எங்கேயோ இருக்கிறார்கள். மிச்சம் 312.

அதில் நாற்பத்தொன்று றமேஷ் என்ற பையனுடையது. வெள்ளவத்தையில் அறை எடுத்து இருந்து வேலை செய்துகொண்டு சட்டம் படித்தான். 2008 மார்ச்சில் அவனே இரண்டு பையில் கொண்டு வந்தான். “மிஸ், கொஞ்ச நாளைக்குத்தான், நானே வந்து எடுப்பன்” என்றான். நவம்பரில் அந்த அறையிலிருந்து அவனைக் கொண்டு போனார்கள். கொண்டு போனது யார் என்று இன்றுவரை யாரும் சொல்லவில்லை.

அவனுடைய அம்மா பிலோமினா பொரளையில் ஒரு வீட்டில் சமையலுக்கு நிற்கிறார். ஒவ்வொரு வருடமும் செப்டெம்பர் 12, மகனின் பிறந்தநாளன்று லீவு எடுத்து இங்கே வருவார். நாற்பத்தொன்றையும் மேசைக்குக் கொண்டு வந்து கொடுப்பேன். எண்ணுவார். பிறகு பக்கம் பக்கமாகப் புரட்டுவார். அவன் ஓரமெல்லாம் எழுதி வைத்திருக்கிறான். அவருக்கு வாசிக்கத் தெரியாது, ஆனால் ஒரு இடத்தையும் விடமாட்டார். பூச்சி ஏதாவது அரித்திருந்தால் எனக்கு நல்ல ஏச்சு விழும். வீட்டுக்குக் கொண்டு போகச் சொல்லி ஒருமுறை கேட்டேன். “நான் எடுத்தா, அவன் வரமாட்டான்டு நானே ஒத்துக்கொண்டதாப் போயிடும் மிஸ். அவன் வச்சது. அவன் வந்து எடுக்கட்டும்” என்றார். அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை.

இவ்வளவுதான் அந்தப் பொட்டு. கட்டம் திறந்து பெயர்களை எழுது என்று மட்டும் சொல்லாதே. பதிவதெல்லாம் போய்ச் சேருகிற மெசின் எங்கே இருக்கிறதென்று ஷிராஸிடம் கேட்டேன், சிங்கப்பூரில் என்றார். அதை யார் யார் திறந்து பார்க்கலாம் என்று அவருக்கும் தெரியவில்லை.

அன்பு அக்கா,
ஐறீன்


ஸ்காபரோ
17 மார்ச் 2024

அன்புள்ள அக்கா,

பதில் பிந்தியதற்கு மன்னிக்கவும், வேலை அதிகம். எல்லோரும் சுகம். கண்ணைக் கவனியுங்கள்.

நீங்கள் எழுதியதை இரண்டு முறை வாசித்தேன். அக்கா, அந்தக் காலம் முடிந்துவிட்டது. இப்போது ஒரு புத்தகத்துக்காக யாரும் யாரையும் தேடி வரப்போவதில்லை. பெயர்களைப் பதிந்துவிடுங்கள். பதிவில் இல்லாவிட்டால் நாளைக்கு உங்களுக்கு ஏதாவது நடந்தால் அவை சங்கத்தின் புத்தகங்கள்தான், வேறு யாருடையதும் இல்லை.

இன்னொரு விஷயம். மேல்மாடியை ஆங்கிலப் பரீட்சை வகுப்பு நடத்தும் ஒரு நிறுவனத்துக்கு வாடகைக்குக் கொடுப்பது பற்றிக் குழு யோசிக்கிறது. இல்லாவிட்டால் நூலகத்தைக் கொண்டு நடத்த முடியாது. அப்படியானால் புத்தகங்களைக் கொஞ்சம் குறைக்க வேண்டி வரும். பத்து வருடமாக யாரும் இரவல் எடுக்காதவற்றை மென்பொருளே பட்டியல் போட்டுத் தரும். பயப்பட வேண்டாம், உங்கள் கையெழுத்தில்லாமல் ஒரு புத்தகமும் வெளியே போகாது. அதற்கு நான் பொறுப்பு.

தம்பி,
கிறிஸ்ரி


கொட்டாஞ்சேனை
28 ஏப்ரல் 2024

அன்புள்ள தம்பிக்கு,

உயிர்த்த ஞாயிறு வாழ்த்தைப் பிந்தித்தான் சொல்கிறேன். எல்லோரும் சுகம்தானே? இங்கே வெக்கை தாங்க முடியவில்லை. கண் அப்படியேதான் இருக்கிறது, திகதி இன்னும் வரவில்லை.

நீ சொன்ன பட்டியல் வந்துவிட்டது. 4,118 புத்தகங்கள். சுமன் அதை அச்சடித்து, கட்டுக் கட்டாக என் மேசையில் வைத்துவிட்டு, ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போடச் சொன்னார். நான் பக்கம் பக்கமாகப் பார்த்தேன். மூவாயிரத்துச் சொச்சத்துக்கு எனக்கும் மறுப்பில்லை. தொண்ணூறாம் ஆண்டுப் பரீட்சை வழிகாட்டியை யார் தேடப்போகிறார்கள்? ஆனால் என்னுடைய 312உம் அதில் இருக்கின்றன, ஒன்று தவறாமல். இருக்காதா? இரவல் கொடுக்கக் கூடாது என்று நாங்களே வைத்த புத்தகங்களை யார் இரவல் எடுத்திருப்பார்கள்? நாங்கள் கட்டிக் காத்ததைத்தான் மெசின் ஒருவருக்கும் வேண்டாதது என்று கணக்கெடுத்திருக்கிறது.

சுமனிடம் சொன்னேன். அவர் சங்கத்துக்கு வந்தது 2015இல், அவருக்கு இதெல்லாம் பழைய கதை. “பதிவில எங்க மிஸ் இருக்கு? காட்டுங்க” என்றார். பதிவில் இல்லாமல் பார்த்துக்கொண்டதுதானே எங்கள் கெட்டித்தனம்.

ஆகவே நான் ஒரு வேலை செய்தேன். உனக்கு மட்டும் சொல்கிறேன், சுமனுக்குத் தெரிந்தால் குதிப்பார். வாசகர் ஒருவர் மூன்று புத்தகம்தான் எடுக்கலாம், ஆனால் ஊழியர்களுக்கு எல்லை போட ஷிராஸ் மறந்துவிட்டார். 312ஐயும் என் பெயரில் நானே இரவல் எடுத்துவிட்டேன். புத்தகங்கள் அதே றாக்கையில் நிற்கின்றன, மெசினுக்கு மட்டும் அவை என் வீட்டில் இருக்கின்றன. அதற்கு எனக்கு மூன்று பின்னேரம் எடுத்தது, முதலில் ஏற்றியது றமேஷின் நாற்பத்தொன்று. மறுநாள் பட்டியலைத் திரும்பப் போட்டுப் பார்த்தால் 3,806. ஷிராஸ் கண்டுபிடித்துவிட்டார், ஆனால் சிரித்துவிட்டுப் போய்விட்டார். இந்தச் சங்கத்தின் வரலாற்றில் என்னைப் போல ஒரு வாசகி இருந்திருக்கமாட்டாள்.

அந்த 3,806க்கும் கையெழுத்தைப் பொறுத்துத்தான் போடப்போகிறேன். இன்னும் ஒருமுறை பார்க்க வேண்டும்.

றஷ்மியின் பட்டமளிப்புப் படம் அனுப்பு.

அன்பு அக்கா,
ஐறீன்


ஸ்காபரோ
26 மே 2024

அன்புள்ள அக்கா,

றஷ்மியின் பட்டமளிப்பு நல்லபடியாக முடிந்தது. மூன்று படம் இணைத்திருக்கிறேன். அவள் உங்கள் பழைய காஞ்சிபுரத்தைத்தான் உடுத்தினாள். ரொஷேல் அழுதுவிட்டாள்.

இங்கே இப்போதுதான் குளிர் விட்டிருக்கிறது. தோட்டத்தில் தக்காளி வைத்திருக்கிறோம்.

கண் சத்திரசிகிச்சைக்குத் திகதி வந்ததா? வந்தவுடன் அறியத் தாருங்கள். எத்தனை நாள் லீவு கிடைக்கும்?

தம்பி,
கிறிஸ்ரி


கொட்டாஞ்சேனை
23 ஜூன் 2024

அன்புள்ள தம்பிக்கு,

படங்களைப் பார்த்தேன், பிள்ளை எங்கள் அம்மாவைப் போலவே நிற்கிறாள். ஆண்டவர் அவளைக் காக்கட்டும்.

திகதி வந்துவிட்டது, ஜூலை 8. காலையில் செய்து பின்னேரம் அனுப்பிவிடுவார்களாம். இரண்டு கிழமைக்குத் தூசியில் நிற்கக் கூடாது, வாசிக்கக் கூடாது என்கிறார்கள். நூலகத்தில் வேலை செய்கிறவளுக்கு இது என்ன தண்டனை பார். எனக்கு ஒரு கிழமை போதும்.

போன கடிதத்தில் நான் எழுதிய இரவல் கதைக்கு நீ ஒரு வார்த்தையும் சொல்லவில்லையே. ஏசியிருந்தாலாவது வாசித்தாய் என்று நினைத்திருப்பேன். தக்காளி காய்த்ததா?

அன்பு அக்கா,
ஐறீன்


ஸ்காபரோ
23 ஜூன் 2024

அன்புள்ள அக்கா,

உங்கள் கடிதம் கிடைத்தவுடன் எழுதுகிறேன். ஒரு கிழமை போதாது. கண் விஷயத்தில் விளையாடக் கூடாது. சுமனோடு இப்போதுதான் கதைத்தேன், முழுச் சம்பளத்தோடு மூன்று கிழமை லீவு. நூலகத்துப் பக்கம் எட்டியும் பார்க்கக் கூடாது. ஜூலை 29 திங்கட்கிழமை வந்தால் போதும்.

சாவிகளையும் கம்பியூட்டர் கடவுச்சொல்லையும் சுமனிடம் கொடுத்துவிடுங்கள், இடையில் உங்களை யாரும் தொந்தரவு செய்யமாட்டார்கள். ரொஷேலும் உங்களுக்காகச் செபிக்கிறாள்.

நன்றாக ஓய்வெடுங்கள் அக்கா.

அன்புத் தம்பி,
கிறிஸ்ரி


கொட்டாஞ்சேனை
4 ஓகஸ்ட் 2024

கிறிஸ்ரிக்கு,

சத்திரசிகிச்சை சரியாக நடந்தது. டொக்டர்மாரும் தாதிமாரும் நல்ல மாதிரிப் பார்த்தார்கள். கண் நன்றாகத் தெரிகிறது. நீ ஓய்வெடுக்கச் சொன்னபடி மூன்று கிழமையும் வீட்டில் இருந்தேன். அத்தனை நாளும் உன்னை நினைத்துச் சந்தோஷப்பட்டேன். முழுச் சம்பளத்தோடு லீவு வாங்கித் தர எனக்கு ஒரு தம்பி இருக்கிறான் என்று பக்கத்து வீட்டு லுத்பியாவிடம் பெருமை பேசினேன். இப்போது அவளுடைய முகத்தைப் பார்க்க வெட்கமாக இருக்கிறது.

29ஆம் திகதி போனேன். மேல்மாடி வெறுமையாக இருந்தது. வெள்ளைப் பெயின்ட் அடித்து, வகுப்புக்குப் பலகை மாட்டியிருந்தார்கள். கீழே இருக்கிற றாக்கைகளில் என் 312இல் ஒன்றுகூட இல்லை. சுமனைக் கேட்டேன். “கனடாவில இருந்து ஓகே வந்த பிறகுதான் மிஸ் ஏத்தினது” என்றார். பழைய பேப்பர் லொறி இரண்டு முறை வந்து போனதாம். 4,118உம் போய்விட்டன.

ஷிராஸைக் கூப்பிட்டேன். வந்தார். எனக்குச் சொல்ல அவருக்கு மனமில்லை, திரையை என் பக்கம் திருப்பி வைத்துவிட்டுத் தள்ளி நின்றார். ஜூலை 15, காலை பத்து இருபதுக்கு, என் பெயரில் இருந்த 312 இரவலும் ரத்து. பத்து முப்பத்தைந்துக்கு, முழுப் பட்டியலும் நீக்கத்துக்கு அனுமதி. இரண்டுக்கும் பக்கத்தில் உன் பெயர். “இத யாராலயும் அழிக்கேலா மிஸ். பட்டன அமத்தின ஆள்ட பேர் விழும்” என்றார். சேரும் நானும் பெயர் எழுதாமல் பதினெட்டு வருடம் காத்தோம். நீ வாங்கித் தந்த மெசின் பெயரை எழுதி வைத்திருக்கிறது.

நான் அவற்றை இரவல் எடுத்தது உலகத்தில் மூன்று பேருக்குத்தான் தெரியும். நான், ஷிராஸ், நீ.

கிராண்ட்பாஸில் அந்தப் பழைய பேப்பர் களஞ்சியத்துக்குப் போனேன். முர்ஷித் என்ற ஒருவர் என்னோடு சேர்ந்து இரண்டு மணித்தியாலம் தேடினார். எல்லாம் ஏற்கனவே ஆலைக்குப் போய் அரைபட்டுவிட்டதாம். அந்த மனிதர் எனக்குத் தேநீர் வாங்கித் தந்து, என்னமோ தன்னுடைய பிழை மாதிரி மன்னிப்புக் கேட்டார்.

பெயர்களைப் பதியச் சொல்லி நீ கேட்டாய், நான் மறுத்தேன். அந்தக் குற்றம் என்னுடையது. அதை நான் சாகும்வரை சுமப்பேன், ஆனால் அதற்குப் பின்னால் நீ ஒளிய முடியாது. எனக்கு ஒரே ஒரு பதில் வேண்டும். றமேஷின் புத்தகங்களும் அதில் இருக்கின்றன என்று தெரிந்துதான் அமத்தினாயா?

ஐறீன்


ஸ்காபரோ
25 ஓகஸ்ட் 2024

அன்புள்ள அக்கா,

கண் சரியானது பெரிய ஆறுதல். எங்களுக்கும் சுகம்தான், சீனி மட்டும் கொஞ்சம் ஏறியிருக்கிறது.

உங்கள் மனவருத்தம் புரிகிறது. ஆனால் நடந்தது ஒரு தனிமனிதரின் முடிவல்ல. வாடகை ஒப்பந்தத்துக்கு ஜூலை முடிவு கடைசித் தவணையாக இருந்தது. நூலகத்தின் எதிர்காலத்தைக் கருதிக் குழுவால் முடிவெடுக்கப்பட்டது, பாவனையில் இல்லாத நூல்கள் நீக்கப்பட்டன. கணக்காய்வுக்காகச் சுமன் ஒரு படிவம் தருவார், அதில் நீங்களும் ஒப்பமிட்டால் எல்லாம் ஒழுங்காக இருக்கும்.

அந்த அம்மாவின் விஷயத்தை நான் மறக்கவில்லை. உங்கள் இரவல் பதிவில் முதல் நாற்பத்தொன்றின் தலைப்புகளும் மென்பொருளில் இருக்கின்றனவே. சென்னையிலுள்ள ஒரு கடையில் தேடிப் பார்த்தேன். நாற்பத்தொன்றில் முப்பத்தெட்டு கிடைத்தது, என் சொந்தச் செலவில் வாங்கியிருக்கிறேன். செப்டெம்பர் பத்தாம் திகதிக்கு முன் உங்களிடம் வந்துவிடும். முத்திரையைக் குத்தி, பழைய இலக்கத்தை ஒட்டி வைத்துவிடுங்கள். ஓரத்தில் அங்கங்கே ஏதாவது எழுதிவிட்டாலும் நல்லது. அவருக்கு வாசிக்கத் தெரியாது என்று நீங்களே எழுதியிருந்தீர்கள். வித்தியாசம் தெரியாது. அவர் மனம் நோகாமல் இருப்பதுதானே முக்கியம்?

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தம்பி,
கிறிஸ்ரி


கொட்டாஞ்சேனை
15 செப்டெம்பர் 2024

கிறிஸ்ரிக்கு,

என் சுகத்தை விசாரித்து இனி எழுத வேண்டாம். உன் சுகத்தை நான் மாதாவிடம் கேட்டுக்கொள்கிறேன், அந்தப் பழக்கத்தை என்னால் விட முடியவில்லை.

பெட்டி ஒன்பதாம் திகதி வந்தது. முப்பத்தெட்டும் பளபளவென்று இருந்தன. உன்னை மட்டும் ஏசிப் பயனில்லை, என்னையும் சொல்ல வேண்டும். ஒரு பின்னேரம் முழுக்க முத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு இருந்தேன். பென்சிலும் சீவி வைத்திருந்தேன். ஒரு புத்தகத்தைத் திறந்து, ஓரத்தில் என்ன எழுதலாம் என்றும் யோசித்தேன். ஒரு அம்மாவின் மகனுடைய கையெழுத்தைக் கள்ளமாகப் போடத் துணிந்தேன் பார், அவ்வளவுக்கு என்னைக் கொண்டு வந்து விட்டிருக்கிறாய். பிறகு எல்லாவற்றையும் பெட்டியில் திரும்பப் போட்டு மூடினேன். அவற்றை நீ நன்கொடை கொடுத்ததாக ஒழுங்காகப் பட்டியலில் ஏற்றிவிட்டேன், உன் பெயர் சரியான இடத்தில் வருகிறது. சுமனின் படிவத்தில் ஒப்பமிடவில்லை. என் ராஜினாமாவைத்தான் கொடுத்தேன்.

பன்னிரண்டாம் திகதி பிலோமினா அக்கா வந்தார், மகனுக்கு நாற்பது வயது. பட்டர் கேக் சுற்றிக் கொண்டு வந்திருந்தார். மேசையில் இருந்துகொண்டு புத்தகங்களுக்காகப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவருக்கு முன்னால் உட்கார்ந்து நடந்ததைச் சொன்னேன். கத்துவார் என்று நினைத்தேன். அவர் கத்தவில்லை.

“எந்த நாள்?” என்றார். சொன்னேன். “என்ன வாகனம்?” லொறி என்றேன். “என்ன கலர்? நம்பர் யாரும் பாத்தாங்களா? ஏத்தேக்க யார் நிண்டது? எழுதின துண்டு ஏதும் தந்தவங்களா?” ஒன்றன்பின் ஒன்றாக, குரல் உயராமல் கேட்டார். இந்தக் கேள்விகளெல்லாம் பொலிசிலும் காணாமற்போனோர் ஆணைக்குழுவிலும் அவரிடம் கேட்கப்பட்டவை. ஒன்றுக்கும் அவரிடம் அப்போது பதில் இருக்கவில்லை. நாளையும் லொறியையும் தவிர இப்போது என்னிடமும் இல்லை.

கடைசியாக, “யார் கொண்டு போகச் சொன்னது?” என்றார்.

“என்ட தம்பி” என்றேன்.

பதினாறு வருடமாக எந்தக் கந்தோரிலும் அவருக்கு ஒரு பெயர் கிடைக்கவில்லை. அதனால்தானோ என்னவோ, உன் பெயரை இரண்டாம் முறையும் சொல்லச் சொன்னார். பிறகு விலாசம் கேட்டார். மறைக்க எனக்கு மனம் வரவில்லை, எழுதிக் கொடுத்தேன். கேக்கை மேசையிலேயே வைத்துவிட்டுப் போனார்.

நான் கேட்ட ஒரே கேள்விக்கு நீ பதில் சொல்லவில்லை. எனக்குச் சொல்லாவிட்டால் பரவாயில்லை. அவர் எழுதினால் அவருக்குச் சொல்.

ஐறீன்


பொரளை
22 செப்டெம்பர் 2024

கனடாவில இருக்கிற கிறிஸ்ரி தம்பிக்கு,

பொரளையில இருந்து பிலோமினா எழுதுறது. நான் சொல்லச் சொல்ல உங்கட அக்கா எழுதுறாங்க. ஒரு சொல்லும் மாத்தக் கூடாதெண்டு சொல்லியிருக்கிறன். நீங்களும் உங்கட பெண்சாதியும் மகளும் நல்ல சுகமா இருக்க வேணும். எனக்கு முழங்கால் நோவு, வேற ஒண்டும் இல்ல.

தம்பி, நான் சண்டை பிடிக்க எழுதேல்ல. சண்டை பிடிச்சுப் பிடிச்சுக் களைச்சுப் போனன். சில விசயம் கேக்க வேணும், அவ்வளவுதான். லொறியில ஏத்த முந்தி அந்தப் புத்தகங்கள யாராவது ஒராள் திறந்து பாத்ததா? ஓரத்தில என்ட மகன் எழுதியிருந்தான், பாத்திருந்தா கட்டாயம் கண்ணில பட்டிருக்கும். அப்படிப் பாத்திட்டுத்தான் ஏத்தினாங்களா, பாக்காம ஏத்தினாங்களா?

அவன் என்ன எழுதியிருந்தானெண்டு எனக்குத் தெரியாது. நான் படிக்கேல்ல. யாரிட்டயாவது குடுத்து வாசிச்சுக் கேட்டிருக்கலாம், உங்கட அக்காவும் ரெண்டு மூண்டு தரம் வாசிச்சுக் காட்டவா எண்டு கேட்டாங்க. நான் வேணாமெண்டிட்டன். அவன் வந்து அவன்ட வாயால வாசிச்சுக் காட்டட்டும் எண்டு விட்டு வச்சிருந்தன். அதுதான் என்ட பிழை.

புதுப் புத்தகம் அனுப்பினீங்களாம். அதுகள வாசிக்கிற பிள்ளைகளுக்குக் குடுங்க. எனக்கு வேணாம்.

இவ்வளவு காலமும் நான் எழுதினதெல்லாம் பேர் இல்லாத ஆக்களுக்குத்தான். “உரிய அதிகாரி அவர்கட்கு” எண்டு போட்டு எழுதுவாங்க. எத்தினை கடிதமெண்டு எனக்கே ஞாபகம் இல்ல. நீங்க பேரும் விலாசமும் இருக்கிற ஆள். அதுதான் உங்களுக்கு எழுதோணும் போல இருந்தது.

பதில் போடுங்க தம்பி. போடாட்டி அடுத்த மாசமும் எழுதுவன், அதுக்கு அடுத்த மாசமும் எழுதுவன். பதில் வராம எழுதி எனக்குப் பழக்கம்.

இப்படிக்கு,
றமேஷிட அம்மா,
பிலோமினா